ஒரே தளம், இரண்டு மண்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர முன்பெல்லாம் நாள்கணக்கில் ஆகும். இப்போது வடம் பிடித்த அன்றைக்கே நிலை சேர்ந்துவிடுகிறது. தேரில் செய்த மாற்றங்கள் அதற்கு ஒரு காரணம் என்றால், ரத வீதிகள் கெட்டிப்பட்டது இன்னொரு காரணம். அவ்வளவு கனமான சக்கரம் மண் தெருவில் புதையும். தளம் போட்ட தெருவில் உருளும். தெரு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நியாயம் தேவையில்லை.

தேரோடும் வீதியோ, ராஜபாளையத்தில் நூற்பாலைக்குப் போகிற தெருவோ, தாராலோ சிமென்டாலோ பேவர் பிளாக்காலோ மூடிவிட்ட பிறகு அடியிலிருக்கும் மண்ணுக்கு என்ன ஆகிறது? 'செத்துப்போகிறது' என்று மேடைகளில் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வுகளைப் புரட்டினால் பதில் அத்தனை சுருக்கமாக இல்லை. சில நகரங்களில் மண்ணின் சத்து பெருமளவு போயிருக்கிறது. சில நகரங்களில் அப்படியே கிடக்கிறது. ஈரம் சில இடங்களில் வற்றியிருக்கிறது, வேறு சில இடங்களில் திறந்த மண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. எந்த மண், எந்த வானிலை, தளத்தை எப்படிப் போட்டார்கள் என்பதை வைத்து எல்லாம் மாறுகிறது. மண் மாறும்போது விளைவும் மாறுகிறது என்பதைப் பார்க்க இந்த இரண்டு ஊர்களைவிடத் தோதான இடம் தென்தமிழ்நாட்டில் குறைவு.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் செம்மண், சரளை, மலையிலிருந்து ஓடைகள் கொண்டுவந்து போட்ட மணல் கலந்த வண்டல். கிழக்கே சாத்தூர், விருதுநகர் பக்கம் போகப் போகக் கரிசல், அதற்கடியில் சுக்கான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த மாற்றம் நடக்கும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.3 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75 ஆயிரம். பெருநகரங்கள் அல்ல. ஆனால் சிமென்டுக்கு இவை அந்நியமும் அல்ல. ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய சிமென்ட் நிறுவனத்தின் முதல் ஆலை, 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் சிமென்ட் அணைக்கும் ஆலைக்கும் வீட்டுக் கூரைக்கும் போனது. தெருவுக்கும் வாசலுக்கும் முற்றத்துக்கும் வந்தது பிற்பாடு.

தளம் போடும் வேலை மண்ணை மூடுவதில் தொடங்குவதில்லை, மண்ணை அப்புறப்படுத்துவதில் தொடங்குகிறது. முதலில் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். இலைமக்கும் வேரும் நுண்ணுயிரும் நிறைந்த அந்த மேலடுக்கு சாலைக்கு ஆகாது. மக்கினால் தளம் இறங்கும். பிறகு கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்குகிறார்கள். எவ்வளவு ஈரத்தில் எந்த மண் மிக நெருக்கமாக இறுகும் என்று 1933இல் கலிஃபோர்னியாவின் பொறியாளர் ப்ராக்டர் ஒரு சோதனை வகுத்தார். இன்றும் நம் நெடுஞ்சாலை விதிகள் அதன் வழிவந்த சோதனையை வைத்துத்தான் பேசுகின்றன: அடிமண் தன் உச்ச அடர்த்தியில் 97 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். உயிருள்ள தோட்ட மண்ணில் கிட்டத்தட்டப் பாதி வெற்றிடம். அதில் காற்றும் நீரும் இருக்கும். சாலைப் பொறியாளருக்கு அந்த வெற்றிடம்தான் கோளாறு. ரோலர் ஓடி முடித்ததும் காற்று போகும் வழி, நீர் இறங்கும் வழி, வேர் நுழையும் வழி எல்லாம் சேர்ந்தே அடைபடுகின்றன. மேலே போடும் தளம் அதற்குப் பிறகு வருவது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தளத்தின் மீது சுமத்தப்படும் பழிகளில் பாதி, உண்மையில் இறுக்கியதாலும் மேல்மண்ணை எடுத்ததாலும் வந்தவை. நியூயார்க் நகரத்தில் தளங்களுக்கு அடியிலிருந்து மண் எடுத்து 2012இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது: திறந்த மண்ணோடு ஒப்பிட்டால், மேல் 15 செ.மீ. ஆழத்தில் கரிமச்சத்து 66 சதவீதம் குறைவு, தழைச்சத்து 95 சதவீதம் குறைவு. சீனாவின் நான்ஜிங்கிலும் தளத்தடி மண்ணில் கரிமமும் நுண்ணுயிர்ச் செயல்பாடும் குறைந்திருந்தன. அதே 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தைத் தோண்டிப் பார்த்தவர்கள் வேறு கதை சொன்னார்கள்: தளத்துக்கு அடியில் கணிசமான கரிமம் மறைந்து கிடக்கிறது, நகரங்களின் கணக்கில் அதை விட்டுவிடுகிறோம் என்று. இரண்டு கூட்டத்தாரில் யாரும் தவறாக அளக்கவில்லை. மேல்மண்ணை வழித்தெடுத்துத் தளம் போட்டிருந்தால் சத்து முதல் நாளே போய்விடும். பழைய மண்ணின் மேல் அப்படியே கல் பாவியிருந்தால் சத்து அடியில் சிறைப்படும். புதிதாக வராது, சீக்கிரம் அழியவும் செய்யாது.

நம் ஊர்க் கணக்குக்கு வந்தால், கரிமத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். நம் வெயிலில் சாணியும் இலைதழையும் போடாத திறந்த மண்ணிலேயே கரிமம் அரை சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். நியூயார்க் இழந்த அளவுக்கு இழக்க நம் தெரு மண்ணில் இருப்பு இல்லை. கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆய்வு நிலையம் 1970களில் செய்த அளவீடு ஒன்று இந்த விவாதம் முழுவதற்கும் சாவி போன்றது. காய்ந்து கிடக்கும் கரிசலும் காய்ந்து கிடக்கும் செம்மண்ணும் மழையின் முதல் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நீரைக் குடிக்கின்றன: மணிக்கு 70 மி.மீ.க்கும் மேல். நன்றாக ஊறிய பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. செம்மண் மணிக்கு 7, 8 மி.மீ. அளவுக்குத் தொடர்ந்து இறக்குகிறது. கரிசலில் அது மணிக்குச் சுமார் 0.2 மி.மீ.க்குச் சரிந்துவிடுகிறது.

கரிசல் விவசாயிகளுக்கு இதை ஆய்வு நிலையம் வந்து சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு, சில இடங்களில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும் நிலம் அது. முதல் மழை அந்த வெடிப்புகள் வழியாக நேரே ஆழத்துக்குப் போகிறது. பிறகு களிமண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்கிறது; அதற்கப்புறம் பெய்வதெல்லாம் மேலேதான் நிற்கும். செம்மண்ணிலிருக்கும் களி வேறு வகை. அது உப்பாது, வெடிக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் நிதானமாக இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரே பேவர் பிளாக்கை இரண்டு மண்ணின் மேலும் பதித்தால், இரண்டு வெவ்வேறு இழப்புகள் நேர்கின்றன. ராஜபாளையத்தின் மேற்குப் பக்கம், மலையை நோக்கி வீட்டுமனைகளாக விரியும் செம்மண் பகுதியில் தளம் போடும்போது, பருவமழை முழுக்க நீர் இறக்கிக்கொண்டிருந்த நிலத்தை அடைக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம்; நைஸ், சார்னோக்கைட் பாறைகளின் மேல் உளுத்த அடுக்கு மெல்லியதாகப் படிந்திருக்கிறது. கிணறுகளும் போர்களும் அந்த உளுத்த அடுக்கையும் பாறை இடுக்குகளையும் நம்பியவை. இப்படிப்பட்ட நிலத்தில் நிலத்தடி நீர் எங்கோ தூரத்திலிருந்து வருவதில்லை, பக்கத்திலேயே இறங்கியது பக்கத்திலேயே ஊறுகிறது. அடிவாரச் செம்மண்ணை மூடினால் ஊருக்குள் இருக்கும் போர்தான் முதலில் உணரும்.

கணக்காகவே சொல்லலாம். 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள ஒரு சாதாரணத் தெரு 1,200 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 மி.மீ. பெய்த ஓர் இரவில் அந்தத் தெருவில் விழுவது 60,000 லிட்டர். தார் அல்லது சிமென்ட் தளம் அதில் பத்தில் ஒன்பது பங்கை ஓடவிடும் என்பது வடிகால் கணக்குப் போடுபவர்களின் வழக்கம்: 54,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் நான்கரை லாரி. கோடையில் அதே தெருவுக்கு லாரித் தண்ணீர் கேட்டு மனு கொடுக்கும்போது இந்த நான்கரை லாரியை யாரும் நினைப்பதில்லை. அந்த நீர் வாறுகாலில் இறங்கி, வாறுகாலில் கிடந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு, கண்மாய் பக்கம் போகிறது. மெதுவாக மண்ணுக்குள் வடிந்து வந்திருந்தால் நீராக வந்திருக்கும். இப்போது சாக்கடையாக வருகிறது.

கரிசல் பக்கம் இழப்பு வேறு. ஊறிய கரிசல் எப்படியும் நீரை இறக்காது என்பதால், அங்கே தளம் போடுவதால் நிலத்தடி நீருக்கு நேரும் நஷ்டம் குறைவு. முதல் மழையில் வெடிப்பு வழியாகப் போவது மட்டும் நிற்கும். ஆனால் தளம் தானே அடிவாங்குகிறது. இங்கேதான் பொதுவாகச் சொல்லப்படுவதற்கு நேர்மாறான ஒரு செய்தி இருக்கிறது. மூடிய மண் காய்ந்துபோகும் என்று நினைக்கிறோம். மேலிருந்து நீர் வராது என்பது சரி. ஆனால் மேலே போகவும் வழியில்லை. ஆழத்திலிருந்து ஏறும் ஈரம் ஆவியாகித் தளத்தின் அடிப்புறத்தில் பட்டு, இரவில் குளிர்ந்து, மீண்டும் நீராகிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் மரக்கன்றுகளை வைத்துச் செய்த ஆய்வில் தளத்துக்குக் கீழே திறந்த மண்ணைவிட ஈரம் கூடுதலாக இருந்தது. கரிசலில் இதன் விளைவு கண்ணுக்கே தெரியும். சாலையின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். ஓரங்களில் மட்டும் கோடையில் காய்ந்து சுருங்கும், மழையில் உப்பும். நடு அசையாமல் இருக்க, ஓரம் ஏறி இறங்கினால் தார் எங்கே கிழியும்? ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, சாலைக்கு இணையாக, கோடு போட்டது போல. சாத்தூர்ப் பக்கச் சாலைகளில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஒப்பந்தக்காரர் தார் குறைத்துவிட்டார் என்று திட்டுவோம், அவரும் குறைத்திருக்கலாம்தான். ஆனால் கரிசலில் நேர்மையாகப் போட்ட சாலையும் இப்படித்தான் முதலில் கிழியும்.

வீட்டுக்கும் இது பொருந்தும். கரிசலில் கட்டிய வீட்டுக்கு மூன்று பக்கம் சிமென்ட் தளம் போட்டு ஒரு பக்கம் மட்டும் மண்ணாக விட்டால், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். சுவரில் படிக்கட்டு போலக் கோணலாக ஏறும் வெடிப்புக்கு அது ஒரு காரணம்.

பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கரிசலின் மேல் அரை மீட்டருக்குக் குறையாமல் உப்பாத மண்ணைப் பரப்பி அதன் மேல் சாலை போடுவதும், சுண்ணாம்பு கலந்து கரிசலின் உப்பும் குணத்தைக் குறைப்பதும் அவர்கள் கைக்கொள்ளும் வழிகள். அவர்களுடைய பார்வை ஒன்றே: சாலைக்குத் தண்ணீர் எதிரி. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்த மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த முறையின் பெருமைகளில் ஒன்று, தண்ணீர் உள்ளே புகாது என்பது. சாலையாகப் பார்த்தால் அது வெற்றி. அடியில் இருக்கும் மண்ணுக்கும் கிணற்றுக்கும் சார்பாகப் பேச அந்த மேசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது வெப்பம். புதுத் தார்ச்சாலை தன் மேல் விழும் வெயிலில் சுமார் 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதிய சிமென்ட் தளம் 35 முதல் 40 சதவீதம் வரை திருப்பும். அழுக்கேற ஏற அதுவும் குறையும். சித்திரை வெயிலில் தார் 60 டிகிரியைத் தாண்டுவது புதினமில்லை. அந்தச் சூடு மேலே மட்டும் போவதில்லை, கீழேயும் இறங்குகிறது. பெர்லின், கொலோன், மூனிச் போன்ற நகரங்களின் அடியில் நிலத்தடி நீரே சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சில டிகிரி சூடாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். குளிர் நாட்டில் அதை வீட்டைச் சூடாக்கப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறார்கள். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

தார் உறிஞ்சும் வெயிலைவிட முக்கியமானது மண் செய்யாமல் போகும் வேலை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக, ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், 0.68 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துக்குப் பத்தடி மண் முற்றம் ஈரமாக இருக்கும் நாளில் 3 மி.மீ. ஆவியானால் 28 லிட்டர், 19 யூனிட் அளவுக்கு வெப்பம். காலையில் வாசல் தெளித்ததும் தெரு குளிர்ந்ததே, அது இந்தக் கணக்குதான். தளத்தில் தெளித்த நீரும் ஆவியாகும். ஆனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அடியிலிருந்து ஊறி வராது. இந்த ஒரு விஷயத்தில் செம்மண்ணும் கரிசலும் ஒன்று. எதை மூடினாலும் ஊர் சூடாகும், அதுவும் இரவில்.

மரங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேருக்குத் தண்ணீர் போலவே காற்றும் வேண்டும். அடிமரம் வரை சிமென்ட் பூசினால் ஆக்சிஜன் உள்ளே போவதும், வேர் விடும் கரியமில வாயு வெளியே வருவதும் தடைபடும். அதனால்தான் வேர்கள் தளத்துக்கு ஒட்டி மேலேயே ஓடுகின்றன. ஈரமும் கொஞ்சம் காற்றும் கிடைப்பது அங்கேதான். பிறகு பேவர் பிளாக்கைத் தூக்குகின்றன. அதைக் காட்டி மரத்தையே வெட்டுகிறோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் போதாது. ஆனால் நம் தெருக்களில் வேம்பையும் புங்கையையும் சுற்றி அந்த ஒரு மீட்டர்கூட இல்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, தளமே கூடாது என்று யாராவது முடிவுக்கு வந்தால் அவர் மழைக்காலத்தில் மண் தெருவில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். சேறும் கொசுவும் சாக்கடை தேங்கலும் யார் காலில் ஒட்டும் என்பது நமக்குத் தெரியும். சிமென்ட் ரோடு கேட்டு மனு கொடுத்த தெருக்கள் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில், கடைசியாகச் சாலை கிடைத்த தெருக்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வர வேண்டும், தறிக்குப் பாவு போக வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை செருப்போடு நடக்க வேண்டும். அந்தக் கோரிக்கையில் ஒரு பிழையும் இல்லை. தளத்துக்கு மண்ணைக் காக்கும் பக்கம் ஒன்றுகூட உண்டு: பஸ் ஸ்டாண்டிலும் பெட்ரோல் பங்கிலும் ஒர்க் ஷாப்பிலும் சிந்தும் எண்ணெயும் ஈயமும் துத்தநாகமும் நிலத்தடிக்கு இறங்காமல் அது தடுக்கிறது. அந்த இடங்களை இறுக்கமாக மூடத்தான் வேண்டும்.

தவறு, தேவையில்லாத இடத்தில் போடுவதிலும் போடும் விதத்திலும் இருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் பேவர் பிளாக். கல்லுக்குக் கல் இடுக்கு இருப்பதால் நீர் இறங்கும் என்று நம்பி, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்றே பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெர்லினில் நடைபாதைக் கற்களின் இடுக்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். மணல் படுக்கையின் மேல் பாவிய கற்களின் இடுக்கில் நிஜமாகவே நல்ல அளவு மழை இறங்குகிறது. இடுக்கில் சேரும் கறுத்த தூசி நீரின் வேகத்தைக் குறைத்தாலும், வண்டிகள் விடும் உலோக நச்சுகளில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆக, இடுக்கு வேலை செய்யும், அடியில் மணலும் ஜல்லியும் இருந்தால். நம் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் பல இடங்களில் பேவர் பிளாக்குக்கு அடியில் ஜல்லிக் கான்கிரீட் தளம் ஒன்றைப் போட்டு, அதன் மேல் எம்-சாண்ட் அல்லது கிரஷர் தூசியைப் பரப்பிக் கல்லை அடுக்குகிறார்கள். சில வீடுகளில் இடுக்கையும் சிமென்ட் பாலால் அடைத்துவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் அது துண்டு துண்டாகத் தெரியும் சிமென்ட் ரோடு. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூலே, நகரத் தெருவுக்கும் நடைபாதைக்கும் மணல் படுக்கையையும், அதற்கடியில் இறுக்கிய ஜல்லி அடுக்கையும்தான் பேசுகிறது. கான்கிரீட் அடித்தளம் கனரக வண்டி போகும் இடத்துக்கு. இரு சக்கர வண்டி மட்டும் போகும் சந்துக்கு அதைப் போடுவது காசையும் வீணாக்கி மண்ணையும் அடைப்பது.

இன்னொரு வழக்கம், பழைய தளத்தின் மேலேயே புதுத் தளத்தைப் போடுவது. ஒவ்வொரு முறையும் தெரு உயர, வீடு பள்ளத்தில் இறங்குகிறது; மழைநீர் தெருவிலிருந்து வாசலுக்கு வருகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். வீடுகளைக் காக்க வந்த அந்த உத்தரவு மண்ணுக்கும் நல்லது. தெருவைத் திறக்கும்போதுதான் அடியில் என்ன போட வேண்டும் என்று மறுபடி முடிவெடுக்க முடியும்.

சட்டத்தின் பார்வையும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. 2003இல் தமிழ்நாடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்மாதிரியான நடவடிக்கை அது. ஆனால் அந்தச் சட்டம் கூரையைப் பார்த்தது, தரையைப் பார்க்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியாகக் குழிக்குள் விட்டுவிட்டு, குழியைச் சுற்றியிருக்கும் முற்றம் முழுவதையும் காம்பவுண்ட் சுவர் வரை சிமென்ட் போட்ட வீடுகள் எத்தனை! ஜெர்மனியின் பல நகரங்களில் மழைநீர் வடிகாலுக்கான கட்டணத்தை, வீட்டுக்காரர் எத்தனை சதுர மீட்டரை மூடியிருக்கிறார் என்று அளந்து வாங்குகிறார்கள். முற்றத்தைத் திறந்தால் கட்டணம் குறையும். நெதர்லாந்தில் 2020இல் ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் நகரங்களுக்கிடையில் யார் அதிகத் தரைக்கற்களைப் பெயர்த்தெடுத்துச் செடி வைப்பது என்று தொடங்கிய போட்டி பிறகு நாடு முழுக்கப் பரவியது. சீனா 2015 முதல் நகரங்களைத் தேர்ந்தெடுத்து மழையை ஊறவைக்கும் திட்டத்துக்குப் பெரும் பணம் ஒதுக்கியது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தளம் பெயர்ப்பதற்கென்றே ஒரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது.

இவற்றில் நமக்கு எது ஆகும்? நீர் இறங்கும் தார், நீர் இறங்கும் கான்கிரீட் என்று கடைக்கு வரும் சரக்குகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றின் துளைகளை உறிஞ்சும் எந்திரம் வைத்து அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். ஆடிக்காற்றில் செம்மண் தூசி பறக்கும் ஊரில், வாறுகால் அள்ளவே ஆள் பற்றாத நகராட்சியில், அந்தத் துளைகள் இரண்டு கோடை தாங்குமா என்பது சந்தேகம். கரிசலில் அவற்றைப் போடுவது இன்னும் ஆபத்து. இறங்கும் நீர் அடிக்களியை உப்பவைத்துத் தளத்தையே பெயர்க்கும். ஸ்டாக்ஹோமில் மரத்தடித் தளத்துக்குக் கீழே பெருங்கற்களை அடுக்கி, இடுக்குகளில் மண்ணை நிரப்பி, காற்று போக வழிவிட்டுப் பார்த்தார்கள். கற்கள் வண்டியின் கனத்தைத் தாங்க, வேர் இடுக்குகளில் ஓடுகிறது. கல்லுக்குப் பஞ்சமில்லாத நம் ஊர்களில் புதிதாக மரம் நடும் கடைவீதிகளுக்கு அதைச் செய்துபார்க்கலாம். மலிவான வழி இன்னொன்று இருக்கிறது, மூடாமல் விடுவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதிக்கும் வடபத்ரசாயி சந்நிதிக்கும் நடுவே இருக்கும் நந்தவனம், ஊரின் மத்தியில் மண்ணை மண்ணாகவே விட்டுவைத்ததற்கு நல்ல சாட்சி.

மூடியதைத் திறந்தால் மண் பழையபடி ஆகுமா என்று கேட்பார்கள். தானாக ஆகாது. தளத்தைப் பெயர்த்து எடுப்பதோடு விட்டால் இறுகிய கிராவல்தான் மிஞ்சும். அதில் பார்த்தீனியம் முளைக்கும், நீர் இறங்காது. ஒரு முழம் ஆழத்துக்காவது கொத்திப் புரட்டி, மக்கிய எருவும் கண்மாய் வண்டலும் சேர்த்து, மேலே சருகு போட்டு மூடி, ஒன்றிரண்டு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். முதலில் கறையானும் எறும்பும் வரும். அவை வந்தால் பயப்பட வேண்டாம். இறுகிய மண்ணில் நீர் இறங்கத் துளை போடுகிறவை அவைதான்.

என் முடிவு இது. இந்த இரண்டு ஊர்களிலும் தளத்தால் நேரும் இழப்புகளில் முதலாவது, அடிவாரச் செம்மண்ணில் நீர் இறங்காமல் போவது. இரண்டாவது, வெப்பம். கரிசலில் தளமே கிழிவது மூன்றாவது. அது நகராட்சிக் கஜானாவின் பிரச்சினை. கரிமம் கடைசி. இந்த வரிசையை ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. செம்மண் பகுதி வார்டுகளில் கனரக வண்டி போகாத தெருக்களுக்கும் சந்துகளுக்கும் பேவர் பிளாக் போடும்போது கான்கிரீட் அடித்தளம் கூடாது; மணல், ஜல்லி மட்டும். தெருவின் இரு ஓரத்திலும் இரண்டடி மண் திறந்திருக்க வேண்டும். கரிசல் பகுதியில் அதே இரண்டடியில் கிராவல் போட்டு, சாய்வு கொடுத்து, நீரைத் தளத்தின் ஓரத்தில் நிற்கவிடாமல் ஊருணிக்கோ கண்மாய்க்கோ கொண்டுபோக வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் ஒரே மாதிரி மதிப்பீடு தயாரிக்கும் வழக்கத்தை விட வேண்டும்.

ராஜபாளையத்தில் தாமிரபரணி குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தெருக்களைத் தோண்டி மறுபடி மூடியதை ஊரே பார்த்தது. இனியும் தோண்டுவார்கள். அடுத்த முறை உங்கள் தெருவைத் தோண்டும்போது பள்ளத்தில் இருப்பது செம்மண்ணா கரிசலா என்று எட்டிப் பாருங்கள். திரும்ப மூடுவதற்கு முன் மதிப்பீட்டுத் தாளில் அடித்தளம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதை வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். செம்மண்ணாக இருந்து, கான்கிரீட் என்று எழுதியிருந்தால், அந்த வரியை மாற்றச் சொல்லித் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுங்கள். உங்கள் வீட்டு முற்றத்துக்கு யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை.